மெயினுக்கு மேல் எழுதியிருந்தது

மாங்க்டன், கனடா
9 டிசம்பர் 2025

மாமாவுக்கு,

சினேகா எழுதுகிறேன். என் குரலே உங்கள் காதில் விழக்கூடாது என்று போன ஜனவரியில் சொல்லிவிட்டீர்கள். அதனால் போன் செய்யவில்லை. உங்கள் கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஆனந்தன் அண்ணனுக்கு இதை மெயிலில் அனுப்பி, பிரிண்ட் எடுத்து உங்களிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். படிக்காமலே கிழித்துப் போட்டாலும் அவரைத் திட்டாதீர்கள். அவர் பாவம்.

நாலு நாளாக வீடு சூடாகவில்லை. இங்கே ஒவ்வொரு ரூமிலும் தரையில் ஒரு காற்று வாய் இருக்கும், மெஷின் அது வழியாகத்தான் சூடான காற்றை அனுப்பும். இப்போது காற்று வருகிறது, வெதுவெதுப்புக்கூட இல்லை. வெளியே மைனஸ் ஒன்பது. உள்ளே பதினாலு. கவிப்பிரியா ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். இருமல் பிடித்துக்கொண்டது. பனிப்புயலுக்குப் பிறகு ஊரில் எல்லா வீட்டிலும் இதே பாடு. மெக்கானிக் பதினாறாம் தேதிதான் வருவேன் என்கிறார்.

வெளியே நிற்கும் மெஷினில் கீழ்ப்பாதி முழுக்க ஐஸ் கட்டியிருக்கிறது. போன குளிர்காலத்தில் கட்டியது மாதிரியே. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பக்கமே போக முடியவில்லை மாமா.

"ஏசியும் இதுவும் ஒண்ணுதான், நைனாவ கேட்டா கண்ண மூடிக்கினு சொல்லிடுவார்" என்று விஷ்ணு சொல்வார். நாற்பது வருஷம் அரக்கோணம் ரோட்டில் ஏசியும் ஃப்ரிட்ஜும் ரிப்பேர் பார்த்தவர் நீங்கள். எனக்காக வேண்டாம். உங்கள் பேத்திக்காகச் சொல்லுங்கள்.

அத்தை சாப்பிடுகிறார்களா?

சினேகா


திருத்தணி
11 டிசம்பர் 2025

சினேகாவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. குழந்தை என்ன பாவம் செய்தது?

நடந்ததை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. விடிந்தும் விடியாமலும் ஒரு மனுஷனிடம் வெந்நீர் வாளியைக் கொடுத்து, ஐஸை உருக்கிவிட்டு வா என்று பனியில் அனுப்பினாய். ஊற்றிய வெந்நீர் ஓடிவந்து படியிலேயே உறைந்துவிட்டது. அடுத்த வாளிக்குத் திரும்பியவன் அதில் வழுக்கிப் பின்மண்டையில் அடிபட்டான். முப்பத்துநாலு வயசு. எனக்கு விசா கிடைக்கவில்லை. பெற்ற பிள்ளை விஷ்ணுவின் காரியத்தை செல்போனில் பார்த்தேன். உன்னோடு இருந்துவிட்டு வரலாம் என்று ஆசையாக அங்கே வந்திருந்த உன் அத்தை, அவன் அஸ்தியை மடியில் வைத்துக்கொண்டு தனியாக விமானத்தில் திரும்பினாள். இதை எழுதாமல் மெஷினைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதிவிட்டேன். இனி மெஷின்.

ஹீட் பம்ப் என்பது தலைகீழாக ஓடும் ஏசி. ஏசி வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டும். இது வெளியே இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டை உறிஞ்சி உள்ளே கொண்டுவரும். அதனால் வெளி மெஷினில் ஐஸ் பிடிப்பது சகஜம். பிடித்த ஐஸை அதுவே அவ்வப்போது உருக்கிக்கொள்ள வேண்டும். உருக்கவில்லை என்றால்தான் கோளாறு.

சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டில் எமர்ஜென்சி ஹீட் என்று ஒன்று இருக்கும். முதலில் அதைப் போடு. உள்ளே இருக்கும் கரண்ட் ஹீட்டர் வீட்டைச் சூடாக்கும், வெளி மெஷின் சும்மா நிற்கும். பில் எகிறும். எகிறட்டும். வெளி மெஷினில் வெந்நீர் ஊற்றாதே. தட்டாதே. இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது பார்.

பிறகு ஃபில்டரை உருவிப் பார். எல்லா ரூமிலும் காற்று வாய் திறந்திருக்கிறதா என்று பார். ஆள் இல்லாத ரூமுக்கு எதற்கு வெட்டியாகக் காற்று என்று மூடி வைப்பது நம் ஜனங்களின் புத்தி. மூடினால் மெஷினுக்கு மூச்சு முட்டும். உள் மெஷினின் கதவில் லேபிள் இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பு. எங்கேயாவது புகை கண்டால் முதலில் மெயினை அணைத்துவிடு. என் வீட்டில் எல்லோருக்கும் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

அந்த மெக்கானிக் வந்தால் பக்கத்திலேயே நில். கருகின துண்டு ஒன்றைக் காட்டி, "இது உங்க மெஷின்லருந்து எடுத்தது" என்று கதை விடுகிறவன் எல்லா ஊரிலும் இருக்கிறான். வீட்டிலேயே கருக்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவான். நாற்பது வருஷத்தில் நான் அந்த ஈன வேலையைச் செய்ததில்லை. செய்தவனைக் கடைப் படி ஏற விட்டதும் இல்லை.

குழந்தைக்கு மிளகு தட்டிப் போட்டுப் பால் கொடு. உன் அத்தை ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள்.

சாமிநாதன்


மாங்க்டன்
12 டிசம்பர் 2025

மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடி எமர்ஜென்சி ஹீட் போட்டேன். மூன்று மணி நேரத்தில் இருபது டிகிரி வந்துவிட்டது. கவி ஸ்வெட்டரை எல்லாம் கழற்றி வீசிவிட்டு ஹாலில் காற்று வாய் மேல் நின்று பாவாடையைக் குடை மாதிரி விரித்துக்கொண்டு சுற்றினாள். "திருத்தணி தாத்தா அங்கேருந்தே ரிப்பேர் பண்ணிட்டாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஃபில்டரைப் பார்த்தேன். கம்பளி மாதிரி தூசி. போன ஜனவரி முதல் வாரத்தில் விஷ்ணு மாற்றியது. அதற்குப் பிறகு நான் தொடவில்லை. ஓரத்தில் அவர் கையால் தேதி எழுதியிருக்கிறார். புதுசு போட்டுவிட்டேன், பழையதை எறிய மனசு வரவில்லை. காற்று வாய் விஷயத்திலும் நீங்கள் சொன்னது சரி. விஷ்ணு உட்கார்ந்து வேலை பார்க்கும் ரூமில் மூடி வைத்திருந்தேன். திறந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். புகை கண்டால் மெயினை அணை என்று எழுதியிருந்தீர்கள். வெளி மெஷினிலிருந்து வெள்ளையாகக் கிளம்புவது புகை இல்லை மாமா. ஐஸை உருக்கும்போது எழும்பும் நீராவி. பார்க்கிறவர்களுக்குத் தீப்பிடித்துக்கொண்ட மாதிரிதான் இருக்கும். அந்த நேரத்தில் மெயினை அணைக்கவே கூடாது. தயவுசெய்து யாரிடமும் அணைக்கச் சொல்லாதீர்கள்.

போன குளிர்காலத்தில் மணிக்கொரு தரம் அந்த ஆவி குபுகுபுவென்று எழும்பும். இந்தக் குளிர்காலத்தில் ஒரு தடவைகூட எழும்பவில்லை.

லேபிள் படம் இணைத்திருக்கிறேன்.

சினேகா


திருத்தணி
14 டிசம்பர் 2025

சினேகாவுக்கு,

எனக்கே பாடம் எடுக்கிறாய். எடு. நீ சொன்னது சரிதான், நான் பனியைக் கண்ணால் பார்த்தவன் இல்லை. படத்தில் பார்த்தவன்.

கோளாறு என்ன என்பதையும் நீயே சொல்லிவிட்டாய், சொன்னது உனக்குத் தெரியவில்லை. ஆவி எழும்பவில்லை என்றால் மெஷின் ஐஸை உருக்கவே ஆரம்பிக்கவில்லை. ஏன் ஆரம்பிக்கவில்லை? ஐஸ் பிடித்திருப்பது அதற்குத் தெரியவில்லை. வெளி மெஷினில் ஒரு செப்புக் குழாயைக் கவ்விக்கொண்டு விரல் நுனி அளவில் ஒரு சென்சார் இருக்கும். குழாய் எவ்வளவு ஜில்லென்று இருக்கிறது என்று அதுதான் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். கிளிப் கழன்று தொங்கினால் குழாயைத் தொடாமல் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது என்று தப்புக் கணக்குச் சொல்லும். மெக்கானிக்கை முதலில் அதைப் பார்க்கச் சொல்.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது உன் அத்தையிடம், "ஒம் மருமக எனக்கே சொல்லிக்குடுக்கறா, அது புகை இல்லியாம், நீராவியாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அது புகை இல்லியா?"

"இல்ல. ஐஸ் உருகற ஆவி."

"ஒவ்வொரு தபாவுமா?"

"ஆங். ஒவ்வொரு தபாவும்."

எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டாள். ராத்திரியும் சாப்பிடவில்லை. இன்றைக்கு மோர் மட்டும் குடித்தாள்.

இன்னொன்று. நீ அனுப்பிய படத்தில் லேபிளுக்குப் பக்கத்தில் கதவில் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தது. ஆனந்தனைப் பெரிதாக்கி எடுத்துத் தரச் சொன்னேன். என் பிள்ளை எழுத்து. "ஜன 14 மாலை, மெயின் ஆஃப். ஜன 16 மாலை, மறுபடியும் ஆஃப். ட்ரிப் இல்ல. ஞாயிறு நைனாவ கேக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை அவன் எனக்குப் போன் பண்ணும் நாள். சனிக்கிழமை காலை போய்விட்டான். ஜெராக்ஸ் கடையில் நாலு பேர் ஆதார் கார்டோடு நின்றுகொண்டிருக்க, அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அதற்கு எனக்கு வெட்கமில்லை.

அது என்ன மெயின் ஆஃப்? யார் அணைத்தது? எழுது.

சாமிநாதன்


மாங்க்டன்
16 டிசம்பர் 2025

மாமாவுக்கு,

சென்சார்தான். நீங்கள் சொன்ன இடத்திலேயே கிளிப் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் எதனாலோ பலமாக அடி விழுந்திருக்கிறது என்றார் மெக்கானிக். புதுசு மாட்டி, ஐஸையும் உருக்கிவிட்டார். கூடவே நின்றேன், கதை எதுவும் விடவில்லை. திருத்தணியில் ஒருவர் கடிதத்திலேயே கண்டுபிடித்தார் என்று சொன்னதும், அவருக்கு இங்கே வேலை போட்டுத் தரட்டுமா என்று கேட்டார்.

மூன்று மணிக்கு ஆவி எழும்பியது. ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன். அடக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

கதவில் இருந்த எழுத்து படத்தில் விழுந்ததை நான் கவனிக்கவில்லை. அது பழைய விஷயம். விட்டுவிடுங்கள். அத்தையிடம் மெஷின் பேச்சையே இனி எடுக்காதீர்கள். கேட்டால் சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

சினேகா


திருத்தணி
18 டிசம்பர் 2025

சினேகாவுக்கு,

நீ எதையோ மறைக்கிறாய். மறைக்கவும் உனக்குத் தெரியவில்லை.

மெஷின் பொய் சொல்லாது என்பதை வைத்துத்தான் நாற்பது வருஷம் சோறு தின்றேன். நீ எழுதியதையே திருப்பிச் சொல்கிறேன், கேள். போன குளிர்காலத்தில் மணிக்கொரு தரம் ஆவி எழும்பியது என்றாய். அப்படியென்றால் அப்போது சென்சார் சரியாக இருந்தது, ஐஸை உருக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தக் கிளிப் எப்போது உடைந்தது? கட்டிப்போன ஐஸை விஷ்ணு மண்வெட்டியால் தட்டினான் என்று உன் அத்தை சொன்னாளே, அப்போது விரிசல் விட்டு, பிறகு எப்போதோ முழுசாகக் கழன்றிருக்கிறது. ஐஸ் முன்னால், உடைந்தது பின்னால். அப்போது ஐஸ் எப்படிக் கட்டியது?

உருக்கிக்கொண்டிருக்கும்போதே பாதியில் யாரோ கரண்டை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. உருகின தண்ணீர் வடியாமல் அங்கேயே உறைந்திருக்கிறது. என் பிள்ளை அரைகுறை இல்லை. தானாக ட்ரிப் ஆன சுவிட்ச் நடுவில் நிற்கும், கையால் அணைத்தது முழுசாக ஆஃபில் நிற்கும் என்று அவனுக்குப் பத்து வயசில் சொல்லிக்கொடுத்தேன். அதைத்தான் ட்ரிப் இல்ல என்று எழுதி வைத்திருக்கிறான். அவன் என்னிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்.

பகலில் நீ வேலைக்குப் போய்விடுவாய். அவனும் வேலைக்கு. குழந்தை பள்ளியில். வீட்டில் இருந்தது ஒரே ஆள். பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை சினேகா. நீ எழுது. ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை போதும்.

அவள் மோரையும் நிறுத்திவிட்டாள். நேற்று என்னிடம் வந்து, "ஏங்க, அந்த மெஷின நடுவுல அணைச்சா ஐஸ் கட்டுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். கனகம்மாசத்திரத்திலிருந்து ஆர்.கே.பேட்டை வரை யார் வீட்டு ஏசி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் தெரியாது என்கிறேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாமிநாதன்


மாங்க்டன்
20 டிசம்பர் 2025

மாமா,

ஆமாம்.

இந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தத்தான் நினைத்தேன், முடியவில்லை. காரியம் முடிந்த மறுநாள் காலை. நான் சமையல்கட்டில் வெறுமனே நின்றுகொண்டிருந்தேன். வெளியே ஆவி எழும்பியது. அத்தை விழுந்தடித்துக்கொண்டு ஓடிப்போய், துணி துவைக்கும் ரூமில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார்கள். வந்து என் தலையைத் தடவினார்கள்.

"பயப்படாதம்மா, புகை வந்துகினு இருந்துச்சி, அணைச்சிட்டேன். இதோட அஞ்சாறு தபா ஆயிடுச்சி. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போற எடத்துல எதுக்கு பயமுறுத்தணும்னு சொல்லல. புகை நின்னதும் நானே போட்டுடுவேன். ரெண்டு நாளு மட்டும் போட மறந்துட்டேன்."

அவர்களே சொன்னார்கள்: "ஒங்க மாமா வூட்ல மெயினுக்கு மேல எழுதியே வெச்சிருக்காரு. விஷ்ணுவுக்கு ஆறு வயசுல ஸ்டெபிலைசர் எரிஞ்சிச்சி. புள்ள பக்கத்துல படுத்துகினு இருந்தான். நான் மெயின அணைச்சதாலதான் பொழைச்சான். இல்லன்னா அன்னிக்கே போயிருப்பான்."

"சரிங்க அத்தை" என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்று சாயங்காலம்தான் நீங்கள் போனில் கத்தினீர்கள். "நீதாண்டி எம் புள்ளய கொன்னே" என்றீர்கள். ஸ்பீக்கரில் இருந்தது. அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பழி ஒரு அடி தூரம் தள்ளி உட்கார்ந்திருக்கும். அந்த அம்மா அதோடு போயிருப்பார்கள். வெந்நீர் போட்டுக் கொடுத்தது நான்தானே மாமா. அது பொய் இல்லையே. அதனால் என் தலையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு வருஷமாக ராத்திரி படுத்தால் உங்கள் குரல்தான் கேட்கிறது.

இப்போது நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். அது புகைதான் என்று அத்தையிடம் சொல்லுங்கள். மெஷினில் ஒயர் எரிந்திருந்தது, மெக்கானிக் கண்டுபிடித்தார், அணைத்தது நல்லதாகப் போயிற்று என்று சொல்லுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள். கோளாறு விஷயத்தில் நீங்கள் யாரிடமும் பொய் சொன்னதில்லை என்று ஊருக்கே தெரியும்.

விஷ்ணு போய்விட்டார். அத்தையாவது இருக்கட்டும்.

சினேகா


திருத்தணி
2 ஜனவரி 2026

அம்மா சினேகா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பத்து நாள் சுற்றினேன். பொய் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் அரை டம்ளர் கஞ்சியில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். வயிற்றில் கோளாறு இல்லை, மனசில் ஏதோ இருக்கிறது, நீங்கள்தான் பேச வேண்டும் என்றார்.

முந்தாநாள் முருகன் மலையில் படித்திருவிழா. காலையிலிருந்தே பஜனைக் கோஷ்டிகள் படிக்குப் படி சூடம் ஏற்றிப் பாடிக்கொண்டு ஏறினார்கள். துக்கம் நடந்த வீடு, வருஷம் திரும்பும் வரை எங்களுக்கு மலை கிடையாது. ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் படுத்திருந்தாள். நான் கடைக்குப் போனேன். பழைய சாமான் டப்பாவில் ஒரு சென்சார் இருந்தது, ஏதோ ஒரு ஏசியிலிருந்து எப்போதோ கழற்றியது. கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, லைட்டரைப் பற்றவைத்து அதன் ஒயரைக் கருக்கினேன். முதல் தடவை சரியாகக் கருகவில்லை, மறுபடியும் பிடித்தேன். இந்த வேலையைச் செய்தான் என்று என்னிடம் வேலை பார்த்த சடகோபனை நான் கடையை விட்டுத் துரத்தினேன், பத்து வருஷம் ஆகிறது. அவன் நினைவு வந்தது.

கவியின் பிறந்தநாள் போட்டோ வந்த கனடாக் கவர் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஞானம், அது புகைதான்."

"நீராவின்னு சொன்னீங்களே?"

"பொருள பாக்காம சொல்லிட்டேன். இப்ப சினேகா அனுப்பியிருக்கா, பாரு. ஒயர் எரிஞ்சிருக்கு. அந்தப் புகைதான் வந்துகினு இருந்திருக்கு."

கையில் வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள். எனக்கு உயிரே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கருக்கியது, வாசனை போயிருக்காது.

"நான் அணைச்சேங்க" என்றாள். "அஞ்சாறு தபா அணைச்சேன். ஒங்ககிட்ட கூட சொல்லல."

"நல்ல காரியம் பண்ணே. இல்லன்னா வீடே எரிஞ்சிருக்கும்."

"அப்ப ஐஸ் கட்டினது?"

"இந்த ஒயர் எரிஞ்சதாலதான் கட்டிச்சி. யார் கையிலயும் இல்ல அது."

மலையில் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பி, "யார் கையிலயும் இல்லன்னா, அந்தப் பொண்ண எதுக்கு அந்தப் பேச்சு பேசினீங்க?" என்று கேட்டாள். "போன் போட்டு மன்னிப்பு கேளுங்க" என்றாள். எழுந்து உட்கார்ந்து சாதம் கேட்டாள். நானே போட்டேன். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். அந்தச் சென்சாரை சாமி அலமாரியில், விஷ்ணு படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். தினமும் பூ வைக்கும்போது அதற்கும் ஒரு இணுக்கு வைக்கிறாள்.

உன்னைச் சொன்ன வார்த்தையை என்னால் திருப்பி எடுக்க முடியாது. உன் தலையில் ஏற்றியதை ஒரு வருஷம் நீ சுமந்தாய், எங்களுக்காகச் சுமந்தாய், உன்னைப் பெற்றவர்களிடம்கூடச் சொன்னதாகத் தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு. வெந்நீர் உன் குற்றம் இல்லை. குளிர்கிறது என்றால் வெந்நீர் போடுவதுதான் நமக்குத் தெரியும். தை மாதம் வருஷத் திதி. குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா. வர முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போன் செய். அவன் கூப்பிடும் நேரத்துக்கே செய், நான் எடுக்கிறேன்.

ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டும். ஸ்டெபிலைசர் எரிந்த வருஷம் நான் மெயினுக்கு மேல் சிவப்பு பெயிண்டில் எழுதினேன், நீயும் பார்த்திருக்கிறாய். "புகை கண்டால் முதலில் இதை அணை. பிறகு என்னைக் கூப்பிடு." அவள் அணைத்தாள். என்னைக் கூப்பிடவில்லை, நான் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தேன். பாதிப் பாடத்தைத்தான் அவளால் செய்ய முடிந்தது. சொல்லிக்கொடுத்தவன் நான்.

நேற்று அவள் குளிக்கப் போனபோது அதை அழித்துவிடலாம் என்று வெள்ளை பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். பிரஷ்ஷையும் நனைத்துவிட்டேன். அப்புறம்தான் தோன்றியது, அது உண்மையிலேயே புகை என்றால் நான் எதற்காக இதை அழிக்க வேண்டும் என்று அவள் யோசிப்பாள். டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

இனி அது அங்கேயே இருக்கும். லைட் போடப் போகும்போதெல்லாம் நான் படிக்க வேண்டும். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு எழுத்துகூட மங்கவில்லை. நல்ல பெயிண்டாகப் பார்த்து நானேதான் வாங்கினேன்.

மாமா